பிரேக்குல கரையுற பெட்ரோல்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். கேட்க நேரம் இல்லாதவங்க படிச்சுக்கலாம்.)

பைக் ஓட்டிக்கிட்டே கேக்குறவங்க யாராவது இருந்தா, தயவுசெஞ்சு வண்டியை ஓரமா நிறுத்திட்டுக் கேளுங்க. ஏன்னா இன்னைக்கு நாம பேசப் போறதே வண்டி ஓட்டுறதைப் பத்திதான். இன்னும் சரியா சொன்னா, லிட்டர் சுமார் 100 ரூபாய்க்கு வாங்கி ஊத்துற பெட்ரோலை நாம எங்கெல்லாம் சிந்திட்டு வர்றோம்ங்கிறதைப் பத்தி.

இந்த எபிசோடு ஒரு நோட்டுப் புத்தகத்துல இருந்து ஆரம்பிச்சது. என் சித்தி பையன் சென்னையில சாப்பாடு டெலிவரி வேலை பாக்குறான். வேளச்சேரி, தரமணி, பெருங்குடி, அந்தப் பக்கம். போன தடவை வீட்டுக்கு வந்தப்போ ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பெட்ரோல். “அக்கா, அவங்க கொடுக்குறது வேற, என் கையில நிக்கிறது வேற. நடுவுல பங்க் இருக்கு”ன்னான்.

வண்டி அவனோடது, 110 சி.சி. ஸ்கூட்டர். பெட்ரோலும் அவன் காசுதான். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓடுறான், மாசத்துல 26 நாள். லிட்டருக்கு 43 கிலோமீட்டர் கொடுக்குது. கணக்குப் போட்டுப் பாருங்க: மாசம் 60 லிட்டர், 6000 ரூபாய். வாடகையில அவனோட பங்கை விட இது அதிகம்.

அவன் என்கிட்ட கேட்டது, “பிரீமியம் பெட்ரோல் போடலாமா? டேங்க்ல ஊத்துற ஆயில் ஒண்ணு விக்குறாங்களே, அது வாங்கலாமா?” நான் சொன்னேன், “எதுவும் வாங்காத. ஞாயித்துக்கிழமை உன் பின்னாடி உக்காந்து ஒரு ரவுண்டு வரேன்.”

போனேன். அஞ்சாவது நிமிஷத்துலயே விஷயம் புரிஞ்சு போச்சு. சிக்னல் சிவப்புன்னு 200 மீட்டர் தள்ளியே தெரியுது. ஆனா இவன் அதுவரைக்கும் முறுக்கிட்டுப் போறான், கிட்ட போனதும் ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கிறான். முன்னாடி பஸ் நிக்கிறது தெரியுது, முறுக்குறான், பிடிக்கிறான். ஸ்பீடு பிரேக்கர் வருது, முறுக்குறான், பிடிக்கிறான். நம்மள்ல பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுறோம். நானும்தான்.

பிரேக் பிடிச்சா பெட்ரோல் எப்படிப் போகும்?

பெட்ரோல் எஞ்சின் கொஞ்சம் ஊதாரி. எரியுற பெட்ரோல்ல இருக்குற சக்தியில தோராயமா நாலுல ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துது. மீதி எல்லாம் சூடா வெளியே போயிடுது. சைலன்சரைத் தொட்டுச் சூடு வாங்கினவங்களுக்கு இது தெரியும்.

அந்தக் கால் பங்கையும் மூணு பேர் பிரிச்சுக்கிறாங்க. ஒண்ணு, எதிர்ல மோதுற காத்து. ரெண்டு, ரோட்டுல அழுந்தி உருளுற டயர். மூணாவது, பிரேக்.

வண்டி ஓடும்போது அதுக்குள்ள ஒரு வேகச் சக்தி சேர்ந்திருக்கும். அதைக் கொடுத்தது உங்க பெட்ரோல்தான். பிரேக் பிடிச்ச உடனே அந்தச் சக்தி மொத்தமும் பிரேக் ஷூவும் டிஸ்க்கும் உரசுற சூடா மாறிக் காத்துல போயிடும். திரும்ப அதே வேகத்துக்கு வரணும்னா, மறுபடியும் முதல்ல இருந்து பெட்ரோல் கொடுக்கணும்.

எவ்வளவுன்னு பாப்போமா? 1000 கிலோ எடையுள்ள ஒரு சின்ன கார் 60 கிலோமீட்டர் வேகத்துல போகுது. அந்த வேகத்துக்கு வர அது செலவழிச்சது சுமார் 17 மில்லி பெட்ரோல், அதாவது மூணு டீஸ்பூனுக்கு மேல. ஒரு தடவை முழுசா பிரேக் அடிச்சு நிறுத்தினா, ஒண்ணே முக்கால் ரூபாய் போச்சு. அதே கார் 40-ல வந்து நின்னா 8 மில்லிக்கும் கம்மி. வேகம் ஒன்றரை மடங்கு ஆனா, இழப்பு ரெண்டே கால் மடங்கு ஆகுது. வேகத்தோட வர்க்கத்துல இந்தச் சக்தி ஏறும்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதே கணக்குதான்.

பைக்குக்கு? ஆளும் வண்டியும் சேர்ந்து 180 கிலோன்னு வைங்க. 50-ல வந்து நின்னா ரெண்டு மில்லிக்குக் கொஞ்சம் மேல, அரை டீஸ்பூனுக்கும் கம்மி. “இவ்ளோதானா”ன்னு தோணும். ஆனா டெலிவரி பண்ற ஒருத்தர் நாளைக்கு 150 தடவை அப்படி நிக்கிறார்னா, 300 மில்லிக்கு மேல. கிட்டத்தட்ட 32 ரூபாய் பிரேக்குல கரையுது. மாசத்துக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல வந்துடும்.

எல்லா பிரேக்கையும் தவிர்க்க முடியாது. குறுக்கே நாய் வந்தா பிடிச்சுத்தான் ஆகணும். பாதுகாப்புக்காகப் பிடிக்கிற பிரேக்கைப் பத்தி நான் பேசல, தேவையில்லாம முறுக்கினதுக்குப் பரிகாரமா பிடிக்கிற பிரேக்கைப் பத்திப் பேசுறேன். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்ற கணக்குப்படி, நெரிசல்ல திடீர்னு முறுக்கி, திடீர்னு பிரேக் அடிச்சு ஓட்டினா மைலேஜ் 10-ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் குறையலாம்.

கண்ணு தூரத்துல, கை நிதானத்துல

என்ன பண்ணணும்? ரொம்ப எளிமை. முன்னாடி இருக்குற வண்டியோட நம்பர் பிளேட்டைப் பாக்காம, அதுக்கும் மூணு வண்டி முன்னாடி என்ன நடக்குதுன்னு பாருங்க. சிக்னல் சிவப்பா? அப்போவே ஆக்சிலரேட்டரை விட்டுடுங்க. வண்டி தானா உருண்டு போகட்டும். பல நேரம் நீங்க போய்ச் சேரும்போது பச்சை விழுந்திருக்கும். 20-ல உருண்டுக்கிட்டிருக்குற வண்டியை 40-க்குக் கொண்டு வர்றது, நின்ன வண்டியை 40-க்குக் கொண்டு வர்றதை விடச் செலவு கம்மி.

“இடைவெளி விட்டா ஆட்டோ புகுந்துடும்”னு சொல்வீங்க. புகுந்துடும்தான். புகுந்தா புகுந்துட்டுப் போகட்டும். அவர் போய் அதே சிக்னல்லதான் நிக்கப் போறார்.

“எனக்கு லேட் ஆயிடும்”னு அடுத்த கேள்வி வரும். 10 கிலோமீட்டர் தூரத்தை எங்கயும் நிக்காம 60-ல போனா 10 நிமிஷம். 50-ல போனா 12 நிமிஷம். வித்தியாசம் ரெண்டே நிமிஷம், அதுவும் ரோடு காலியா இருந்தா! மெட்ரோ வேலை நடக்குற ஓ.எம்.ஆர்.ல எங்க காலி ரோடு? நீங்க முறுக்கிச் சம்பாதிச்ச நிமிஷத்தை அடுத்த சிக்னல் பிடுங்கிக்கும்.

அதுக்காக மாட்டு வண்டி மாதிரி ஓட்டவும் வேண்டாம். நிதானமா, ஆனா சோம்பல் இல்லாம வேகம் எடுங்க. கியர் வண்டின்னா எஞ்சின் கத்துற வரைக்கும் காத்திருக்காம அடுத்த கியருக்கு மாத்திடுங்க. எஞ்சின் திணறினா மட்டும் கீழே இறக்குங்க. 1978-ல இருந்து எரிபொருள் சிக்கனத்துக்காகவே வேலை செய்யுற மத்திய அரசோட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் சொல்ற வேகம் 45-ல இருந்து 55 கிலோமீட்டர்.

ஹைவேயில காத்துதான் பெரிய செலவு. வேகம் ஏற ஏறக் காத்தோட எதிர்ப்பும் வர்க்கத்துல ஏறும். 80-ல போற கார் 100-க்குப் போனா, எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல ஆயிடும். அடுத்த தடவை பாண்டிச்சேரி போறப்போ 80-ல போய்ப் பாருங்க, வித்தியாசம் டேங்க்லயே தெரியும்.

நியூட்ரல்: அப்பா காலத்துப் பழக்கம்

எங்க அப்பா இறக்கம் வந்தா போதும், நியூட்ரல்ல போட்டு எஞ்சினையே ஆஃப் பண்ணிடுவார். “பெட்ரோல் மிச்சம்மா”ன்னு சொல்வார். கார்புரேட்டர் காலத்துல அந்த எண்ணத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போ இல்ல.

2020 ஏப்ரல் 1-ல பி.எஸ்.6 விதி வந்த பிறகு, நாம வாங்குற புது பைக், ஸ்கூட்டர் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்தான். இதுல எவ்வளவு பெட்ரோல் உள்ள போகணும்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். வண்டி கியர்ல ஓடும்போது நீங்க ஆக்சிலரேட்டரை முழுசா விட்டா, “ஓட்டுறவர் சக்தி கேக்கல, சக்கரமே எஞ்சினைச் சுத்துது”ன்னு அதுக்குத் தெரியும். பெரும்பாலும் பெட்ரோலை மொத்தமா நிறுத்திடும். எஞ்சின் வேகம் ரொம்பக் குறைஞ்ச பிறகுதான் திரும்ப விடும்.

நியூட்ரல்ல போட்டா என்ன ஆகும்? சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துடும். எஞ்சின் நின்னுடாம இருக்க கம்ப்யூட்டர் பெட்ரோல் கொடுத்துக்கிட்டே இருக்கணும். அதாவது மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு பண்றோம். கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டே உருள்றதும் இதே கதைதான்.

மலைப்பாதையில இது காசு விஷயம் மட்டும் இல்ல, உயிர் விஷயம். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. நியூட்ரல்ல இறங்கினா முழு பாரமும் பிரேக் மேல விழும். பிரேக் சூடாகி ஒரு கட்டத்துல பிடிக்காமலே போயிடும். கார்ல எஞ்சினை ஆஃப் பண்ணிட்டா பிரேக் பெடலும் ஸ்டீயரிங்கும் கல்லு மாதிரி ஆயிடும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பழைய டிரைவர்கள் சொல்ற இந்த விதி இன்னைக்கும் சரி.

நிக்கும்போது எஞ்சின் எதுக்கு?

நிக்கிற வண்டியோட மைலேஜ் எவ்வளவு? பூஜ்யம். சின்ன காரா இருந்தாலும் சும்மா ஓடிக்கிட்டிருந்தா மணிக்கு அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் குடிக்கும். ஏசி போட்டிருந்தா இன்னும் கூட.

“அடிக்கடி ஸ்டார்ட் பண்ணாதான் நிறைய பெட்ரோல் போகும்”னு ஒரு நம்பிக்கை இருக்கு. அமெரிக்காவோட ஆர்கான் தேசிய ஆய்வகம் இதை அளந்து பாத்தாங்க. 10 விநாடிக்கு மேல சும்மா ஓடினாலே, ஆஃப் பண்ணித் திரும்ப ஸ்டார்ட் பண்றதை விட அதிகம் செலவாகுது. டெல்லி அரசு 2020 அக்டோபர்ல ‘ரெட் லைட் ஆன், காடி ஆஃப்’னு இதையே ஒரு பிரசாரமா நடத்தினாங்க, அங்க முக்கியக் காரணம் காத்து மாசு.

நம்ம ஊர்ல நிறைய சிக்னல்ல விநாடி ஓடுற டைமர் இருக்கு. 30-க்கு மேல காட்டினா ஆஃப் பண்ணுங்க, 5 வரும்போது ஸ்டார்ட் பண்ணுங்க. பேட்டரி வீக்கா இருக்குற பழைய வண்டின்னா மட்டும் இதை விட்டுடுங்க. நடுரோட்டுல கிக்கர் உதைச்சுக்கிட்டு நிக்கிறது நல்லா இருக்காது.

காத்து, கனம், ஏசி

கடைசியா எப்போ டயருக்குக் காத்து அடிச்சீங்க? யோசிக்க வேண்டியிருந்தா, லேட் ஆயிடுச்சுன்னு அர்த்தம். டயர்ல எல்லாம் காத்து ஒரு பி.எஸ்.ஐ. குறைஞ்சா மைலேஜ் 0.2 சதவீதம் குறையும்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. 10 குறைஞ்சா 2 சதவீதம். டயர் தேயுறது, மழையில பிடிமானம் போறது எல்லாம் தனி.

எவ்வளவு காத்துன்னு பங்க்ல இருக்குறவர்கிட்ட கேக்காதீங்க. கார்னா டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கர் இருக்கும். பைக்னா வண்டியில ஸ்டிக்கர் இல்லைன்னாலும் கூட வந்த புத்தகத்துல இருக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பாருங்க. ‘மைலேஜ் வரும்’னு அளவுக்கு மேல அடிக்கவும் கூடாது.

பைக்ல இன்னொரு சோதனை. சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க. உடனே நின்னா பிரேக் உரசுது. சில பேர் வால்வு டைட், கார்புரேட்டர்னு மெக்கானிக்கைப் போட்டுப் படுத்துவாங்க, கடைசியில பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்தான் பிரச்சினையா இருக்கும். கார்ல டிக்கியில மாசக்கணக்கா சுத்துற மூட்டையை இறக்குங்க. மேல ஆளே இல்லாத கேரியர் இருந்தா கழட்டி வைங்க, அது காத்தைப் பிடிக்கும்.

ஏசி? மே மாசம் சென்னையில ஏசி போடாதீங்கன்னு சொல்ற அளவுக்கு நான் கொடுமைக்காரி இல்ல. வெயில்ல நின்ன காரை எடுக்கும்போது ரெண்டு நிமிஷம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விட்டுட்டு அப்புறம் போடுங்க. டவுனுக்குள்ள மெதுவா போகும்போது கண்ணாடி இறக்குறது லாபம். ஹைவேயில கண்ணாடியை ஏத்திட்டு ஏசி போடுறதே மேல்.

காசைப் பிடுங்குற கட்டுக்கதைகள்

தம்பி கேட்டதுக்கு வரேன். பிரீமியம் பெட்ரோல்ல ஆக்டேன் அதிகம். அது கேக்குற எஞ்சினுக்குத்தான் அதனால பலன். சாதாரண 110 சி.சி. ஸ்கூட்டருக்கு அது வீண் செலவு. காலையில போட்டா பெட்ரோல் கெட்டியா இருக்கும்னு சொல்வாங்க. பங்க்ல டேங்க் பூமிக்கு அடியில இருக்கு, அங்க காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் பெருசா மாறாது. 100-க்குப் பதிலா 110 ரூபாய்க்குப் போடுறதும் சும்மா ஒரு நம்பிக்கைதான். மீட்டர் பூஜ்யத்துல ஆரம்பிக்குதான்னு பாருங்க, அது போதும்.

ஒரு விஷயம் மட்டும் உங்க கையில இல்ல. இப்போ நம்ம பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருது. ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்குற சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி. அதனால மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்த இழப்பை நம்ம பழக்கத்தால ஈடுகட்டலாம்.

அளந்தாதான் தெரியும்

ஃபியூவல் முள்ளை நம்பாதீங்க. டேங்க் ஃபுல் பண்ணுங்க, பம்ப் தானா நிக்கிற இடத்தோட போதும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யம் பண்ணுங்க. எப்பவும் போல ஓட்டுங்க. அடுத்த தடவை அதே பங்க்ல திரும்ப ஃபுல் பண்ணுங்க. ஓடின கிலோமீட்டரை, ரெண்டாவது தடவை போட்ட லிட்டரால வகுத்தா அதுதான் உங்க மைலேஜ். ஒரு டேங்கை வச்சு முடிவு பண்ணாதீங்க, மூணு டேங்க் பாருங்க. அப்புறம் பழக்கத்தை மாத்திட்டு இன்னும் மூணு டேங்க்.

தம்பி அப்படித்தான் பண்ணினான். டயர்ல காத்து கம்மியா இருந்தது, சரி பண்ணினான். பின் பிரேக் உரசிக்கிட்டிருந்தது, தளர்த்தினான். மத்ததெல்லாம் கையும் கண்ணும்தான். 43 கொடுத்த வண்டி 48-க்கு வந்தது. இது ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு ஆளு, ஆய்வெல்லாம் இல்ல. உங்களுக்கு இதை விடக் குறைவாவும் வரலாம், கூடவும் வரலாம். ஆனா அவன் கணக்குல மாசம் ஆறு லிட்டருக்கு மேல மிச்சம், 600 ரூபாய் சொச்சம். வருஷத்துக்கு ஏழாயிரத்தைத் தாண்டும். அவனுக்கு அது வண்டி இன்ஷூரன்ஸும் ரெண்டு டயரும்.

ஆரம்பத்துல பயந்தான். “ஆப்ல டைம் ஓடுதுக்கா, எப்படி மெதுவா போறது?”ன்னான். ரெண்டு வாரம் கழிச்சு நோட்டைப் பாத்தா, ஒரு நாளைக்கு முடிக்கிற ஆர்டர் எண்ணிக்கை குறையல. டைம் போறது ரோட்டுல இல்ல, ஹோட்டல் வாசல்ல பார்சலுக்காக நிக்கிறதுலயும் அப்பார்ட்மென்ட் லிஃப்ட்லயும்தான்னு அவனே கண்டுபிடிச்சான்.

பெட்ரோல் செலவை முழுசா வேலை பாக்குறவங்க தலையில கட்டுறது சரியாங்கிறது வேற கேள்வி. ஒருத்தர் நிதானமா ஓட்டுறதால அந்தக் கேள்வி தீர்ந்துடாது. அதைத் தனியா ஒரு எபிசோடுல பேசுவோம்.

போன வாரம் சித்தி போன் பண்ணினாங்க. மிச்சமான காசைப் பத்தி எதுவுமே கேக்கல. “இப்பல்லாம் அவன் ராத்திரி வர லேட்டானா முன்ன மாதிரி வயித்தைக் கலக்கல”ன்னு மட்டும் சொன்னாங்க. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற கையும் ஆளைப் பத்திரமா வீடு சேர்க்கிற கையும் ஒண்ணுதான்.

இன்னைக்கு ஒரே ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுக்குப் போற வழியில, அடுத்த சிவப்பு சிக்னலைத் தூரத்துல பாத்ததும் ஆக்சிலரேட்டரை விட்டுடுங்க. வண்டி எவ்வளவு தூரம் சும்மாவே உருளுதுன்னு பாருங்க. பாத்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம். பாத்துப் போயிட்டு வாங்க!